உதட்டைப் பார்த்து விசில் ஊதியவர்

கபடியில் எதிரணியின் பக்கம் ரெய்டு போகிறவன் 'கபடி, கபடி' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஒரு போட்டியில் 'பரோட்டா, பரோட்டா' என்று பாடிக்கொண்டு போனேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது ஒரு காரணம். சுற்றி நின்று ஊரே கத்துகிற கத்தலில் யாருக்கு என்ன கேட்கப் போகிறது என்ற தைரியம் இன்னொரு காரணம். எங்கள் அணியில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில்தான். அன்றைக்கு ஒருவனுக்குக் கால் பிசகி, இன்னொருவனுக்கு மூக்கு உடைந்து, வேறு வழியில்லாமல் என்னை இறக்கிவிட்டிருந்தார்கள்.

நான்கு அடிகூட வைத்திருக்க மாட்டேன். விசில் ஒலித்தது. நடுவர் என்னை நோக்கி நடந்து வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கழுத்தில் தாலிச்சரடோடு சேர்ந்து தொங்குகிற விசில் கயிறு. இறுக்கிக் கட்டிய தலைமுடியில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. என்னவோ கேட்கப் போகிறார் என்று மரியாதையாக முகத்தைக் கொடுத்தேன். கொடுத்த முகத்தில் விழுந்தது அறை.

"பரோட்டா திங்கணும்னா கடைக்குப் போயிருல. இங்க எதுக்கு வந்த?"

உட்கார்ந்துவிட்டேன். எதிரணிக்காரன் ஒருவன் பரிதாபப்பட்டு என்னைத் தூக்கிவிட்டான். என் கபடி வாழ்க்கையில் எதிரணி என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி, எங்களுக்கெல்லாம் அக்கா. வாரத்தில் ஆறு நாள் ஷிப்ட், மிச்ச நேரத்தில் விசில். நூற்பாலைக்குள் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அங்கே பல வருடம் வேலை பார்த்தவர்கள் இயந்திரத்துக்கு அந்தப்பக்கம் நிற்கும் ஆளின் உதட்டைப் பார்த்தே சாப்பிட்டாயா, மேஸ்திரி எங்கே, உன் மாமியார் எப்படி இருக்கிறாள் என்று குடும்பக் கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள். அக்கா அந்தப் படிப்பை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மற்ற நடுவர்கள் ரெய்டரின் காலைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். இவர் வாயைப் பார்ப்பார். பாட்டு ஓர் இமைப்பொழுது நின்றாலும் விசில் பறக்கும். அந்த ரெய்டில் அவன் எத்தனை பேரைத் தொட்டிருந்தாலும் செல்லாது, எதிரணிக்கு ஒரு புள்ளி.

பிரச்சினை என்னவென்றால், பார்க்க வந்தவர்களுக்கும் உதடு உண்டு. மைதானத்தின் கடைசி மூலையில் எவனாவது அவருடைய அம்மாவைப் பற்றி வாய்க்குள் முணுமுணுத்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராக நடந்து போவார். கூட்டம் வழிவிடும். அறை விழும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவார். ஒரு தடவை சுந்தரபாண்டியத்துக்காரன் ஒருவன் அவர் கையைக் கடித்துவிட்டான். கடித்த வாயைப் பிடித்து இரண்டாகத் திறந்து, "இப்பச் சொல்லு, கேப்போம்" என்றார். அவனுடைய முன்பல் ஒன்று அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டது. அவருடைய கையில் நான்கு பல் தடம் கடைசிவரை இருந்தது. அது ஏதோ பரிசாகக் கிடைத்த வளையல் மாதிரி அதைத் தடவிக்கொள்வார். எனக்கு அந்தக் கையைப் பார்த்தால் பயம்தான். ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது.

தப்பாகவும் அடித்திருக்கிறார். சேத்தூரிலிருந்து மேட்ச் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மெல்லுகிற வாயை இவர் திட்டுகிற வாய் என்று படித்துவிட்டார். அறை விழுந்ததும் அந்த மனிதர் சட்டையெல்லாம் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து இரண்டு ஊர்க்காரர்களும் கல்லைக் கையில் எடுத்துவிட்டார்கள். வெற்றிலைச் சாறு என்று தெரிவதற்குள் ஆறு நாற்காலிகள் உடைந்தன. உடைந்ததில் ஒன்று என் முதுகில்.

அக்கா பெரியவர் முன்னால் போய் நின்றார். "அண்ணாச்சி, தப்பா அடிச்சிட்டேன். திருப்பி அடிங்க."

அவர் வேண்டாம் தாயி என்று கும்பிட்டார். அக்கா நகரவில்லை. அடிக்காவிட்டால் ஆட்டம் தொடங்காது என்று சொல்லிவிட்டார். இரண்டு அணியும் இடுப்பில் கைவைத்து நின்றன. கடைசியில் பெரியவர் பூப்பறிப்பது போல ஒரு தட்டுத் தட்டினார். "நான் அடிச்ச மாதிரி அடிங்க" என்றார் அக்கா. மூன்றாவது தடவை சத்தம் வருகிற மாதிரி அடித்த பிறகுதான் விசிலை வாயில் வைத்தார். அந்தப் பெரியவர் பாவம், அடித்துவிட்டு அழுதார்.

எந்தத் தீர்ப்பைக் கொடுத்தாலும், கொடுத்த இடத்தைவிட்டு அவர் நகர மாட்டார். நான் பார்த்த நடுவர்களில் பெரும்பாலோர் கடைசி விசிலை ஊதிக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்கிறவர்கள். இவர் நடுக்கோட்டில் நின்று, கூட்டம் திட்டி முடித்து, எறிந்து முடித்து, வீட்டுக்குப் போன பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

நான் கல்லூரியை முடித்து, கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவனாக ஆனேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சும்மா இருக்க முடியாமல் கல்லூரி கபடியை ஆன்லைனில் நேரலையாகக் காட்டத் தொடங்கினேன். இரண்டு போன், ஒரு ஸ்டாண்டு, ஒரு மைக், மூன்று பவர் பேங்க். இனி கல்லூரி விளையாட்டைப் பார்க்க யாரும் வெயிலில் நிற்க வேண்டாம், எதிர்காலம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது என்று எனக்கு நானே சொற்பொழிவு ஆற்றிக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவன், துபாயில் கம்பி கட்டுகிறவன் எல்லாம் தன் பழைய கல்லூரி ஆடுவதை உட்கார்ந்த இடத்தில் பார்த்தான். மைதானத்துக்கு வந்தவனும் போனில்தான் பார்த்தான். அதில் ஸ்கோர் தெரிகிறது, முகம் பெரிதாகத் தெரிகிறது. என்ன, நேரலை போனுக்கு வந்து சேர அரை நிமிடம் ஆகும். அதனால் கண்ணுக்கு எதிரே ஒருவன் பிடிபட்டு மண்ணில் புரண்டு எழுந்து போன பிறகுதான் கேலரியில் கைதட்டல் வரும்.

எனக்கு ஒரு குறை இருந்தது. போனுக்கு ரெய்டரின் பாட்டு கேட்கவில்லை. வெறும் கூச்சல். பாட்டு இல்லாத கபடி, மேளம் இல்லாத கல்யாணம் மாதிரி இருந்தது. ஒருநாள் ரெய்டர் கோட்டைத் தாண்டியதும், வர்ணனையை நிறுத்திவிட்டு, மைக்கைக் கையால் பொத்தி, கரகரத்த குரலில் நானே 'கபடி, கபடி' என்று பாடிவிட்டேன். மைக் நேரலைக்கு மட்டும்தான் போகிறது, மைதானத்து ஒலிபெருக்கிக்கு அல்ல. யாருக்கும் தெரியவில்லை. 'அண்ணே ஆடியோ வேற லெவல், ரெய்டர் மூச்சு விடுறதுகூடக் கேக்குது' என்று கமென்ட் வந்தது. அது என் மூச்சு. ரெய்டு நடக்கும்போது வர்ணனையாளர் கண்ணியமாக மௌனம் காக்கிறார் என்று வேறு ஒருவர் பாராட்டியிருந்தார். அன்றிலிருந்து எல்லா ரெய்டுக்கும் நான்தான் பாட்டு. ரெய்டருக்கு மூச்சு முட்டலாம், எனக்கு முட்டாது. அவன் ஏழு பேருடன் மல்லுக்கட்டுகிறான். நான் டீ குடித்துக்கொண்டு நாற்காலியில் இருக்கிறேன்.

இந்தத் தொழில் ரகசியத்தை அக்காவிடமும் சொல்லவில்லை. அவருக்கு நேரலையே பிடிக்காது. ஒரு மேட்ச் முடிந்து, என்னதான் எழுதுகிறார்கள், வாசி என்றார். அவரைப் பற்றி வந்திருந்த கமென்டுகளில் அச்சில் போடக்கூடியவற்றை மட்டும் வாசித்தேன். மொத்தம் இரண்டு. மிச்சத்தை அவரே போனை வாங்கிப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"மூஞ்சியே இல்லாம வைதானுவ" என்றார். "இவனுவள எங்க போயி அறைய?"

அந்த வருட இறுதிப் போட்டி எங்கள் ஊரான ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றுக்கும் இடையே நடந்தது. தொடங்கும் முன்பே இரண்டு பேருக்கு மண்டை உடைந்திருந்தது, எனவே ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும் என்று நேரலையில் அறிவித்தேன். கடைசி நிமிடத்தில் எங்கள் ஊர் ஒரு புள்ளி பின்னால். கடைசி ரெய்டுக்கு எங்கள் ஏழாம் நம்பர் போனான். ஒருவனை முட்டியில் தொட்டான். இன்னொருவன் அவன் இடுப்பில் பாய்ந்தான். மூன்றாவது ஆள் முழங்காலால் அவன் விலாவில் இடித்ததை நான் பார்த்தேன். அந்த இடியில் எந்த மனிதனுக்கும் பாட்டு நிற்கும். எனக்கு நிற்கவில்லை. ஊர்ப்பாசத்தில் முன்னைவிட வேகமாகப் பாடினேன். அவன் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் கையை வைத்தான்.

அக்கா விசில் ஊதினார். பாட்டு விட்டுவிட்டான், தொட்டது செல்லாது, புள்ளி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, ஆட்டம் முடிந்தது.

கேலரி அமைதியாக இருந்தது. எல்லோரும் போனில் இன்னும் அந்த ரெய்டுக்கே வரவில்லை. என்ன வரப்போகிறது என்று எனக்குத்தான் தெரியும். ஓடிப்போய், "அக்கா, பின்கேட்டு தொறந்திருக்கு, போயிருங்க" என்றேன். அவர் என்னை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நடுக்கோட்டில் காலை அகட்டி நின்றார்.

அரை நிமிடத்தில் ரெய்டு கேலரிக்கு வந்து சேர்ந்தது. இருநூறு போன்களில் ஒரே நேரத்தில் என் குரல் 'கபடி, கபடி, கபடி' என்று, கோட்டைத் தொடுகிறவரை, ஒரு பிசிறு இல்லாமல் கேட்டது. அதன் பிறகு விசில். பிறகு கூட்டம் எழுந்தது.

முதலில் செருப்புகள் வந்தன. அப்புறம் பாட்டில்கள், அப்புறம் நாற்காலிகள், கடைசியாக மனிதர்களே வந்தார்கள். அவர் அடித்தார். இரண்டு கைகளாலும் அடித்தார். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், இன்னொருவன் அவர் முழங்கை பட்டு ஸ்கோர் மேசைமேல் விழுந்தான். ஆனால் இருபது பேரை ஒரு ஆள் எவ்வளவு நேரம் அடிக்க முடியும்? இரும்பு நாற்காலியின் கால் ஒன்று அவருடைய இடது புருவத்தைப் பிளந்தது. விழுந்தவரைக் காலால் மிதித்தார்கள். வெள்ளைச் சட்டை என்ன நிறமாயிற்று என்று நான் சொல்லத் தேவையில்லை. மிதித்தவர்களில் ஒருவன் மறு கையில் போனைப் பிடித்து, "நல்லாக் கேளு, பாடுதானா இல்லியா, கேளு" என்று அவர் காதில் வைத்து அழுத்தினான். நான் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே இருந்தேன். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. என் சேனலுக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். புருவத்தில் தையல், இடதுகண் மூடி வீங்கியிருந்தது. எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன்.

"வீடியோல பாட்டு கேக்குதாம்லா" என்றார்.

"அப்படித்தான் சொல்லுதாங்க, அக்கா."

"அவன் வாய் நின்னுச்சுல. விலாவுல இடி வாங்குனதும் நின்னுச்சு. நான் பாத்தேன்."

மிச்சமிருந்த ஒரு கண்ணால் என் வாயையே பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். பால்கோவாவைக் கொடுத்துவிட்டு, சொல்ல வந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொன்னால் எங்கள் ஊரில் என் எலும்பு எண்ணப்படும் என்பது நான் எனக்குச் சொன்ன காரணம். சேனல் போய்விடும் என்பது சொல்லாத காரணம்.

ஒன்பது நாள் கழித்து நடுவர் குழு விசாரணை வைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து அறை. மூன்று அதிகாரிகள், அக்கா, ஏழாம் நம்பர், அவனுடைய தாய்மாமா, வீடியோ எடுத்தவன் என்ற முறையில் நான். தீர்ப்பு தவறு என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் கோப்பையை ராஜபாளையத்துக்குக் கொடுத்துவிடலாம், ஊர் அடங்கும், அவருடைய நடுவர் அட்டையும் அவரிடமே இருக்கும் என்றார் தலைவர். போடாவிட்டால் அட்டை ரத்து. கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள்.

முதலில் வீடியோவைப் போடுங்கள் என்றார் அக்கா. போட்டார்கள். அது ரெய்டரின் முதுகுப் பக்கமிருந்து எடுத்தது, அவன் வாய் தெரியாது. பாட்டு மட்டும் கணீரென்று கேட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தெளிவாத்தான் கேக்குது" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அப்ப நாந்தான் தப்பாப் பாத்துட்டேன் போல. வெத்தலையப் பாத்து அடிச்ச கண்ணுதான."

பேனாவை எடுத்தார். அடித்து மிதித்து ஆஸ்பத்திரியில் போட்டபோதுகூட நடுக்கோட்டைவிட்டு நகராத ஆள், என் தொண்டையிலிருந்து வந்த பாட்டுக்கு முன்னால் நகர்ந்துகொண்டிருந்தார். அவர் காகிதத்தைப் பார்த்துக் குனிந்திருந்தார். வாயசைத்து அவருக்கு மட்டும் சொல்லித் தப்பிக்க வழியில்லை. சத்தமாகத்தான் சொல்லியாக வேண்டும்.

"சார், அது ரெய்டர் பாட்டு இல்ல. நான் பாடுனது."

யாருக்கும் புரியவில்லை. வீடியோவை இன்னொரு தடவை ஓடவிடச் சொல்லி, சத்தத்தைக் குறைத்து, மைக்கைப் பொத்துவது போல வாயில் கையை வைத்து, எழுந்து நின்று பாடினேன். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில், காந்தி படத்துக்குக் கீழே, மூன்று அதிகாரிகள் முன்னால் 'கபடி, கபடி' என்று நான் பாடியது என் கலை வாழ்க்கையின் உச்சம். பாதியில் ஏழாம் நம்பர், "போதும்ணே" என்றான். "நான் மூச்சு விட்டுட்டேன், சார். விலாவுல இடிச்சதும் விட்டுட்டேன். அக்கா சொன்னது சரிதான்." அவனுடைய தாய்மாமா அவன் பிடரியில் ஒன்று போட்டார்.

அக்கா பேனாவை மூடி மேசையில் வைத்தார். எழுந்து என்னிடம் வந்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும், அக்கா."

"ஒம்பது நாளு."

அவர் அடித்ததை நான் சரியாக விவரிக்க முடியாது. முதல் அடியிலேயே என் மூக்குக்கண்ணாடி எங்கோ போய்விட்டது. உதடு கிழிந்து, கரும்பலகை, மேசை, தரை என்று வரிசையாக அறிமுகமாயின. வெளியே இருந்து ஓடிவந்த பியூனும் தாய்மாமாவும் சேர்ந்து அவரைப் பிடித்தார்கள். பிடிக்காமல் இருந்திருந்தால் இதை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

குழு செத்த நேரம் தங்களுக்குள் பேசியது. இறுதிப் போட்டியின் தீர்ப்பு சரி, கோப்பை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே. ஆனால் விசாரணையில் குழுவின் கண்ணெதிரே சாட்சியை அடித்த குற்றத்துக்காக நடுவர் அட்டை ஒரு வருடத்துக்கு நிறுத்தம். நான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, எனக்குப் புகார் எதுவும் இல்லை சார் என்று மன்றாடினேன்.

"நீ சும்மா இருல" என்றார் அக்கா. "அடிச்சது உண்மைதான. நாலு பேரு பாத்தாவல்ல." தலைவரிடம் திரும்பினார். "ரைட்டு சார். இன்னைலேருந்தா, நாளைலேருந்தா?"

இன்றிலிருந்து என்றார் தலைவர்.

"அப்பச் சாயங்காலம் மேட்ச்சுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க."

அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். விசிலையும் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு ராஜபாளையம் பஸ்ஸுக்கு நடந்தார். வருடம் முடிந்தும் அதை வாங்க அவர் வரவில்லை. மகளுடன் திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலம் வேறு இரண்டு கல்லூரிகளுக்கு மேட்ச். வீங்கிய வாயோடு போய் ஸ்டாண்டை நிறுத்தினேன், இந்தத் தடவை ரெய்டரின் முகம் தெரிகிற பக்கம். மைக்கைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். சின்ன மேட்ச், கூட்டம் குறைவு, அதனால் நிஜமான பாட்டு போனில் லேசாக விழுந்தது. மூன்றாவது ரெய்டில் ஒருவனுக்கு மார்பில் உதை விழுந்தது. பாட்டு நின்றது. நான் பார்த்தேன், கேட்டேன். புது நடுவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் ஊதவில்லை. ரெய்டர் திரும்பி வந்தான், இரண்டு புள்ளி கொடுத்தார்கள். பாட்டு நின்ற இடத்தை நான் பாடி நிரப்பவில்லை.

அரை நிமிடம் கழித்துப் போனில் முதல் கமென்ட் வந்தது. 'அண்ணே, ஆடியோ ஒர்க் ஆகல, சரி பண்ணுங்க.'